மாரி வெள்ளத்துல மோட்டரும் போய் 33,750 ரூபா காசும் போன கதை

எங்கட வீடு மட்டக்களப்பு கல்லடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவுல. வீட்டுக்காரர் கட்டார்ல, இஞ்ச நானும் அம்மாவும் ரெண்டு புள்ளைகளும்தான். குடிக்க, சமைக்க உன்னிச்சைக் குளத்துத் தண்ணி பைப்ல வருது, ஆனா எங்கட வீட்டுல அது மேல டாங்கிக்கு ஏறுற அளவுக்கு வேகமா வாறல்ல, அதனால குளிக்க, உடுப்புக் கழுவ, பாத்ரூமுக்கு எல்லாம் கிணத்துத் தண்ணிதான், 1 ஹெச்பி மோட்டர் போட்டு ஏத்துற. பத்து வருசமா ஓடின மோட்டர் அது. சுவிட்ச்சப் போட்டா தண்ணி ஏறும், டாங்கி வழியுற சத்தம் கேட்டா ஓடிப்போய் நிப்பாட்டுவம், எனக்கும் அந்த மோட்டருக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான். அதுக்குள்ள என்ன இரிக்கு, எது பழுதானா என்ன செய்யும், எவ்வளவு காசு வரும், ஒரு மண்ணும் தெரியாது. அந்தத் தெரியாத்தனத்துக்குத்தான் 2024 மாரியில ஒரு மாசமா நான் காசு கட்டின.

அந்த வருசம் நவம்பர் கடைசியில வந்த வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மூத்தவள் ஏஎல் எழுதுறாள், சோதனை 25ந்திகதி தொடங்கி ரெண்டு நாள்தான், 27ல இருந்து வெள்ளத்தால நிப்பாட்டிப்போட்டாங்க. 26 பின்னேரம் வளவுக்குள்ள தண்ணி வரத் தொடங்கிட்டு. நான் என்ன செஞ்சன் எண்டா புத்தகம், அரிசி, அம்மாட மருந்து, அடையாள அட்டை, காணி உறுதி எல்லாத்தையும் தூக்கி அலுமாரிக்கு மேல வச்சன், கேஸ் சிலிண்டரக் கூட ரெண்டு பேராப் புடிச்சு மேசையில ஏத்தினம். மோட்டர் ஞாபகமே வரல்ல. கிணத்தடியில ரெண்டு கல்லு உயரத்துல ஒரு கூடு கட்டி வச்சிருந்தம், ராவு டோர்ச் அடிச்சுப் பாக்கக்குள்ள கூடே தெரியல்ல, தண்ணிதான் தெரியுது. பாத்துட்டு ஐயோ மோட்டர் எண்டன், அம்மா சொன்னா, "விடு புள்ள, அது தண்ணியில கிடந்து பழகினதுதானே" எண்டு. இப்ப நினைச்சா சிரிப்பு வருது, அண்டைக்கு அது எனக்கும் சரியாத்தான் பட்டிச்சு.

இதுலயே முதலாவது விசயத்தச் சொல்லிடுறன். கிணத்து மோட்டர் பைப்போட ஒட்டிப்போட்ட சாமான் இல்ல. பெரும்பாலும் ரெண்டு பக்கமும் யூனியன் எண்டு ஒரு மூட்டு இரிக்கும், கையாலயோ ஸ்பானராலயோ திருகினா கழண்டு வரும், கீழ ரெண்டு நட்டு, ஒரு பிளக். மெயின் சுவிட்ச்ச நிப்பாட்டிட்டுக் கழட்டினா பத்து நிமிச வேலை, நிறையும் ஒரு அரிசிப் பேக்க விடக் கூட இல்ல. யூனியன் போடாம நேரா ஒட்டி வச்சிருக்கிற வீடுகளும் இரிக்கு, அப்பிடி எண்டா மாரிக்கு முன்னமே ஆளக் கூப்பிட்டு ரெண்டு யூனியன் போட்டு வச்சுக்கோங்க, சில நூறு ரூபா சாமான்தான். தண்ணி முழங்காலுக்கு வந்தாப்புறகு கிணத்தடிக்குப் போக வேணாம், அந்த நேரத்துல மோட்டர் போனா போகட்டும்.

வாவி கடலோட சேருற முகத்துவாரத்த வெட்டி விட்டாங்க எண்டு சொன்னாப்புறகுதான் எங்கட பக்கம் தண்ணி இறங்கத் தொடங்கிச்சு. 30ந்திகதி கூடு வெளிய தெரிஞ்சுது. மோட்டர்ல ஒரே சேறு, பாசி. நான் நல்ல புள்ளையாட்டம் பழைய சாரத் துணியால துடைச்சு, மகள்ட ஹெயார் ட்ரையரால அரை மணித்தியாலம் சூடு புடிச்சு, வெளியால காஞ்சு பளபளப்பா இருந்த உடன உள்ளுக்கும் காஞ்சிட்டு எண்டு நினைச்சு சுவிட்ச்சப் போட்டன். டக் எண்டு மெயின் போர்ட்ல இருக்கிற ட்ரிப் சுவிட்ச் விழுந்திட்டு, வீடே இருட்டு. மறுகா தூக்கிப் போட்டன், மறுகாவும் விழுந்திட்டு. மூணு தரம் செஞ்சிருப்பன்.

ட்ரிப் விழுகுறது மோட்டர்ட குத்தம் இல்ல, ட்ரிப்ட குத்தமும் இல்ல. கரண்ட் போற அளவும் திரும்பி வாற அளவும் ஒண்டா இல்லாம எங்கயோ ஒழுகிப் போகுது எண்டா அது விழும், வீட்டுல போடுற ட்ரிப் 30 மில்லி அம்பியர் ஒழுகினாலே விழுற மாதிரித்தான் செஞ்சிருக்காங்க, ஏனெண்டா அதுக்கு மேல எண்டா மனிசன் உயிருக்கு ஆபத்து. அதாவது அந்த டக் எண்ட சத்தம், "என்னத் தொடாத, உள்ளுக்கு ஈரம் கிடக்கு" எண்டு சொல்லுற சத்தம். இது எனக்கு அப்ப தெரியாது. பக்கத்து வளவு மாமா ஒரு பொடியனக் கூட்டி வந்தார், வயரிங் வேலை செய்யுற தம்பி. அவர் வந்து பாத்துட்டு, "அக்கா இது ட்ரிப்ல கோளாறு, நேரா லைன் குடுத்துப் பாப்பம்" எண்டு சொல்லி ட்ரிப்புக்கு முன்னால இருந்து ஒரு வயர இழுத்து மோட்டருக்குக் குடுத்தார். நான் ஈர மண்ணுல வெறுங்காலோட ஒரு பாகம் தள்ளி நிக்கிறன், சின்னவன் எனக்குப் பின்னால. மோட்டர் உம்ம்ம் எண்டு ஒரு முனகல், கொஞ்சம் சுத்தின மாதிரி, மறுகா வெடில் மாதிரி ஒரு சத்தம், கூட்டுக்குள்ள இருந்து வெள்ளைப் புகை. அந்த நாத்தம் இருக்கே, பிளாஸ்டிக்கும் வார்னிஷும் சேந்து கருகின நாத்தம், ரெண்டு நாளா மூக்குக்குள்ள நிண்டது. தம்பி வயரப் புடுங்கிட்டு, "கொயில் போயிட்டு அக்கா" எண்டார், மோட்டருக்குள்ள சுத்திக் கட்டியிருக்கிற கம்பிச் சுருள்தான் கொயில். கைக்கூலி 1,500. குடுத்தன். என்ட மோட்டர எரிச்சதுக்கு நானே கூலி குடுத்தன்.

காசு கிடக்கட்டும், எனக்கு இண்டைக்கும் நெஞ்சு திக் எண்டுறது அந்த ஈர மண்ண நினைச்சாத்தான். ட்ரிப்பத் தவிர்த்து நேரா லைன் எடுக்குற ஆள் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் உடன அனுப்பிடுங்க. ட்ரிப்ல டி எண்டு ஒரு சின்ன பட்டன் இரிக்கு பாருங்க, அத மாசத்துக்கு ஒருக்கா அமத்தினா ட்ரிப் விழணும், விழல்ல எண்டா அதுதான் உண்மையில பழுது. வெள்ளத்துல மீட்டர், மெயின் போர்ட் நனைஞ்சிருந்தா ஒண்டையும் தொடாம 1987க்கு அடிச்சு மின்சார சபைக்குச் சொல்லுங்க.

அடுத்த ஆள் எப்பிடி வந்தார் எண்டா, ஹார்ட்வெயார்ல வேலை செய்யுற ஒராள் தந்த நம்பர். நல்ல மரியாதை, நல்ல கதை. "அக்கா கொயில் கட்டணும், 14,000 முடியும், 8,000 இப்ப தாங்க, மூணு நாள்ல வீட்டுல கொண்டந்து பூட்டித் தாறன்" எண்டார். எங்க கடை எண்டு கேட்டன், கடை இல்லயாம், வீட்டுலதான் செய்யுறதாம். பில் கேக்க எனக்கு வெக்கமா இருந்திச்சு, ஒரு ஆம்புளைக்கிட்ட காசு குடுத்துட்டு நம்பாத மாதிரிக் கேக்குறதா எண்டு. அவர் மோட்டர உர பேக் ஒண்டுல போட்டுக் கட்டி, மோட்டர்சைக்கிள் பின்னுக்கு வச்சுக் கொண்டு போயிட்டார். அது டிசம்பர் 2. 4ந்திகதி மகளுக்கு சோதனை மறுபடி தொடங்குது.

மாரியில எங்கட மணல் கிணத்துல தண்ணி மேலயே நிக்கும், குனிஞ்சு அள்ளினா வாளிக்கு வந்திடும், அதனால "கையால அள்ளலாம்தானே, இதுக்கா அழுகுற" எண்டு கேட்ட ஆக்களும் இரிக்காங்க. அள்ளலாம். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு எத்தின வாளி எண்டு அள்ளிப் பாத்தாத்தான் தெரியும். நான் ஒரு நாள் எண்ணினன், 43 வாளி. விடிய நாலரைக்கு ஒழும்பி மழைக்குள்ள டோர்ச் வெளிச்சத்துல அள்ளி பாத்ரூம் பெரல நிரப்பி, மகள சோதனைக்கு அனுப்பி, மறுகா உடுப்புக்கு, மறுகா பின்னேரம். உள்ளங்கையில கயிறு போட்ட மாதிரி ரெண்டு கோடு. அம்மாக்கு முழங்கால் ஏலாது, எனக்குப் பாவம் பாத்து ஒரு நாள் நான் கடைக்குப் போன நேரம் தானே அள்ளப் போய் கிணத்தடிப் பாசியில வழுக்கி இருந்திட்டா. நல்ல காலம் எலும்புக்கு ஒண்டுமில்ல, இடுப்புப் பக்கம் நீலம் பாரிச்சுக் கிடந்திச்சு. அண்டைக்கு ராவு குசினிக்குள்ள இருந்து அழுதன், புள்ளைகளுக்குக் கேக்காம. இவர் கட்டார்ல இருந்து போன் எடுத்து "புதுசு ஒண்டு வாங்கன்" எண்டார், கடையில கேட்டா 38,000, ஏற்கனவே 8,000 குடுத்தாச்சு, அத விட்டுட்டு எப்பிடி வாங்குற. அந்த 8,000தான் என்னக் கட்டி வச்சது, மூணு நாள் பத்து நாளாகும் வரைக்கும். போன் எடுத்தா, "இந்தா வாறன் அக்கா", "கரண்ட் இல்ல அக்கா", "பெயாரிங் கொழும்பால வரணும் அக்கா", மறுகா போனே எடுக்கல்ல.

கிணத்தப் பத்தியும் இதுக்குள்ள சொல்லணும். வெள்ளம் ஏறி இறங்கின கிணறு, மலசலகூடக் குழித் தண்ணியெல்லாம் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெளிவா இருந்தாலும் வாய்க்கு எடுக்கக் கூடாது. பிஎச்ஐ, அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயாக்கிட்டச் சொன்னா வந்து பாத்து குளோரின் போடுறது எவ்வளவு, எப்ப எண்டு சொல்லுவார், எங்களுக்கும் அப்பிடித்தான் செஞ்சது. பக்கத்துல ஒரு ஆள் பெரிய மோட்டர் கொண்டந்து கிணறு முழுக்க இறைச்சுத் தள்ளுவம் எண்டு நிண்டார், அம்மாதான் விடல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்துல எத்தின கிணத்த அப்பிடி இறைச்சாங்க எண்டு அவ கண்டவ. கடற்கரை மணலுக்குள்ள நல்ல தண்ணி, உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குற மாதிரித்தான் நிக்கும், கண்டபாட்டுக்கு இறைச்சா கீழ இருக்கிற உப்பு மேல ஏறி வந்திடும். மண் ஊறிக் கிடக்கிற நேரம் அடியோட இறைச்சா வளையம் இடிஞ்சு விழவும் பாக்கும்.

12ந்திகதி பின்னேரம் அந்த ஆள் வந்தார். மோட்டர் நீலக் கலர்ல மினுங்குது. பெயின்ட் அடிச்சிருக்கார்! நான் கேட்கவே இல்ல. எனக்கு அதப் பாத்த உடன கோவமெல்லாம் போய், சே, பாவம் நல்லாத்தான் செஞ்சிருக்கார், நாமதான் சந்தேகப்பட்டுட்டம் எண்டு நினைச்சு மிச்சம் 6,000ஐயும் குடுத்து பிளேன்டீயும் ஊத்திக் குடுத்தன். பூட்டினார், ஓடிச்சு, தண்ணியும் ஏறிச்சு. ஆனா முந்தி அரை மணித்தியாலத்துல நிரம்புற டாங்கிக்கு இப்ப ஒண்டரை மணித்தியாலம் போகுது, மோட்டருக்கு மேல கை வைக்க ஏலாத சூடு, பக்கத்தால சொட்டு சொட்டா ஒழுகுது. நாலாம் நாள் உம்ம் எண்டு நிண்டிட்டு. சுவிட்ச்ச நிப்பாட்டிட்டு அவருக்கு அடிச்சன். நம்பர் வேலை செய்யல்ல. பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977க்கு அடிச்சு முறையிடலாம் எண்டு தெரிஞ்ச ஒரு டீச்சர் சொன்னா, ஆனா என்னத்த வச்சு முறையிடுற, பில் இல்ல, கடை இல்ல, விலாசம் இல்ல, என்ட கையில இருந்தது ஒரு வேலை செய்யாத நம்பரும் நீலக் கலர் மோட்டரும்தான்.

கடைசியா அந்த டீச்சர் சொல்லித்தான் டவுனுக்குப் போனன், ஆட்டோவுல மோட்டர மடியில வச்சுக்கொண்டு. சின்னக் கடை, போர்ட் கூட ஒழுங்கா இல்ல, உள்ளுக்கு ஒரு பறங்கி, அதாவது போர்த்துக்கீச, ஒல்லாந்தப் பரம்பரையில வந்த அங்கிள், எழுபது வயசு இருக்கும். மட்டக்களப்புல தச்சு வேலை, இரும்பு வேலை, மெக்கானிக் வேலை எண்டா அந்தக் காலத்துல பறங்கி ஆக்கள்தான் எண்டு அம்மா சொல்லுவா, இப்ப அப்பிடி ஆக்கள் குறைஞ்சிட்டாங்க. அவர் முதல்ல ஒண்டும் கதைக்கல்ல. நாலு ஆணியக் கழட்டி மூடியத் திறந்தார், "வாங்க மகள், கிட்ட வந்து பாருங்க" எண்டார். உள்ளுக்கு சுத்திக் கட்டின கம்பியில ஒரு நூல் அளவு வெளிய நீட்டிக்கொண்டு நிண்டிச்சு. ஷேவிங் பிளேட் ஒண்டால அதுட மேல்பூச்ச மெதுவாச் சுரண்டினார். சிவப்பா வரணும், வந்தது வெள்ளை. "செம்பு இல்ல, அலுமினியம். உங்கட பழைய செம்புக் கம்பிய நிறுத்து வித்திருப்பான்" எண்டார். மறுகா வேற பக்கம் காட்டினார், பெயாரிங் மாத்தவே இல்ல, பழசுதான், விரலால சுத்தினா மணல் அரைபடுற மாதிரிக் கறகற எண்டுது. உள் சுவர்ல வெள்ளை வெள்ளையாத் தூள் படிஞ்சு கிடந்தத நகத்தால எடுத்து என்ட கையில வச்சார். உப்பு. வெள்ளத்தோட வாவித் தண்ணியும் கலந்து வந்ததுதானே, அத நல்ல தண்ணியில கழுவாம அப்பிடியே மேல கம்பி கட்டியிருக்கு. உப்பு காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்து வச்சிருக்கும், எத்தின தரம் காய வச்சாலும் மறுகாவும் நனையும் எண்டார்.

நான் கேட்டன், வெள்ளம் வடிஞ்ச அண்டைக்கே உங்களிட்டக் கொண்டு வந்திருந்தா எவ்வளவு முடிஞ்சிருக்கும் எண்டு. கழட்டி நல்ல தண்ணியில கழுவி, காய வச்சு, வார்னிஷ் குடுத்து, ரெண்டு பெயாரிங்கும் மாத்தி 4,500க்குள்ள எண்டார். கொயில் எரிஞ்சிருக்காது. ஈரத்தோட கரண்ட் குடுத்ததுதான் வினை. மாரியில வெயிலுக்கு எங்க போற எண்டா, அவர் ஒரு பலகைப் பெட்டிக்குள்ள பழைய கால மஞ்சள் குண்டு பல்ப் ரெண்டு எரிய விட்டு அதுக்குள்ள மோட்டர்கள வச்சிருந்தார், கோழிக்குஞ்சுக்குச் சூடு குடுக்கிற மாதிரி, ஒரு ராவும் பகலும். அதுக்குப் பிறகு ஒரு மீட்டரால கம்பிக்கும் உடம்புக்கும் நடுவுல ஒழுக்கு இரிக்கா எண்டு பாக்குறார், 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டினா கரண்ட் குடுக்கவே மாட்டாராம், திருப்பிப் பெட்டிக்குள்ளதான்.

அவர் ஒரு துண்டுல எழுதித் தந்தார்: செம்புக் கொயில் 11,500, பெயாரிங் ரெண்டு 1,300, தண்ணி மோட்டருக்குள்ள போகாமத் தடுக்குற சீல் 950, மோட்டரச் சுத்தத் தொடங்க வைக்குற கெப்பாசிட்டர் 900. 14,650. முதல்ல காசே வாங்கல்ல. நத்தாருக்கு முதல் தாறன் எண்டார், 23ந்திகதி போன் வந்திச்சு. ஓட விட்டு ஒரு கிடுக்கி மாதிரி மீட்டரால வயரக் கவ்விக் காட்டினார், 5 அம்பியர் கிட்ட நிண்டுது, மோட்டர்ல அடிச்சிருக்கிற தகட்டுலயும் கிட்டத்தட்ட அதேதான். தகட்டுல இருக்கிறதுக்கு நல்லாக் கூட இழுத்தா கொயில் பிழை, இல்லாட்டி எங்கயோ இறுக்கம் எண்டு அர்த்தமாம். மாத்தின பழைய சாமான் எல்லாத்தையும் சொப்பிங் பேக்ல போட்டுத் தந்தார், நான் கேக்காமலே. நீங்க கேட்டு வாங்குங்க. பழசத் தர ஏலாது எண்டு சொல்லுற ஆள் புதுசு போட்டாரா எண்டு யோசிங்க. இன்னொண்டும் சொன்னார், மோட்டர் சுத்தாம உம்ம் எண்டு மட்டும் நிண்டா உடன கொயில் எண்டு பயப்படாம முதல்ல கெப்பாசிட்டரப் பாக்கச் சொல்லணுமாம், 900 ரூபா சாமான் பழுதானதுக்கு கொயில் கட்டின காசு வாங்குற ஆக்களும் இரிக்காங்களாம். அதுல எழுதியிருக்கிற மைக்ரோ ஃபரட் அளவுதான் போடணும், கிட்டத்தட்ட எண்டு வேற போடக் கூடாது.

வீட்டுக்குக் கொண்டந்து யூனியன இறுக்கி சுவிட்ச்சப் போட்டா, மோட்டர் பூனை மாதிரி சத்தமில்லாம ஓடுது, தண்ணி வரல்ல. எனக்கு அழுகை வராம சிரிப்பு வந்திட்டு. அங்கிளுக்கு அடிச்சன், "உடன நிப்பாட்டுங்க, தண்ணி இல்லாம ஓடினா சீல் எரியும். புட் வால்வப் பாருங்க" எண்டார். கிணத்துக்குள்ள இறங்குற பைப்ட நுனியில இருக்கிற பித்தளைச் சாமான். நானும் மகளும் பைப்ப மேல இழுத்தம், வழுவழு எண்டு பாசி. வால்வுட வாய்க்குள்ள ஒரு சின்ன ஊரிச் சிப்பியும் கறுத்துப்போன முருங்கை நெட்டும் மாட்டி நிக்குது, மூடி முழுக்க மூடாம ஒரு இடைவெளி, அதால பைப்ல இருக்கிற தண்ணியெல்லாம் திருப்பிக் கிணத்துக்குள்ள இறங்கிடுது. ரப்பரும் வெடிச்சிருந்ததால 1,200க்குப் புதுசு வாங்கிப் போட்டன். மறுகா மோட்டர்ட தலையில இருக்கிற மூடியத் திறந்து மகள் ஜக்கால தண்ணி ஊத்த ஊத்த, காத்துக் குமிழி எல்லாம் வெளிய வந்து தண்ணி விளிம்புல நிக்கிற வரைக்கும் ஊத்தி, மூடி, சுவிட்ச்சப் போட்டம். பைப்ப ஒரு கையால புடிச்சுக்கொண்டு நிண்டன், உள்ளால குளிரா ஏறிப் போறது கையில தெரிஞ்சுது.

1,500, 14,000, 14,650, 1,200, ஆட்டோவுக்கு 2,400. 33,750. இன்னும் 4,250 போட்டா புது மோட்டர். தைப் பொங்கலுக்குப் பிறகு மேசன் ஒராளக் கூப்பிட்டு, வெள்ளம் ஏறின கோடு மதில்ல அழியாம இருந்திச்சு, அதுக்கு மேல ஒரு முழம் வச்சு கூட்டக் கட்டுவிச்சன். மேசன் கேட்டார், "என்ன அக்கா மோட்டருக்கு மாடி வீடா" எண்டு. நீலப் பெயின்ட் ஆறு மாசத்துலயே தோல் உரியுற மாதிரி உரிஞ்சு போயிட்டு, உள்ளுக்கு பழைய பச்சைதான் தெரியுது.